ஒன்பது மணி நேரத்தில் பன்வில

1

போன சனிக்கிழமை என் மகள் அபி கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. அம்மம்மா வீட்டுக்கு ஒம்பது மணித்தியாலம்தானாம்."

நான் மீன் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். "அத மூடு" என்றேன். அவள் மூடாமல் நின்றதும் இன்னொரு தடவை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகச் சொன்னேன். பதினைந்து வயதுப் பிள்ளை. பாடசாலையில் கொடுத்த ஏதோ வேலைக்காக இரண்டு ஊர்களின் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். தப்பு அவளுடையதல்ல. "ஏன் கத்துறீங்கள்?" என்று கேட்டுவிட்டு, மிச்சத்தை நோர்வேஜிய மொழியில் முணுமுணுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போதாது. எனக்குக் கோபம் வந்தால் நோர்வேஜிய மொழி போதாது. அதனால் எங்கள் வீட்டில் சண்டைகள் சீக்கிரம் முடிந்துவிடும். தீர்வதுதான் இல்லை.

அந்த இணையப் பக்கத்தை நான் பார்ப்பது முதல் தடவையல்ல. உலகத்தில் எந்த இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, இத்தனை கிலோமீட்டர், விமானத்தில் இத்தனை மணி நேரம் என்று சொல்லும் பக்கம் அது. ஒரு முனையில் நான் இருக்கும் போட்ஸ்ஃபியோர். நோர்வேயின் வட உச்சியில், கடலை ஒட்டி, மீன் தொழிற்சாலைகளை நம்பி இருக்கிற சின்ன ஊர். மறுமுனையில் நான் பிறந்த பன்வில. கண்டியிலிருந்து பஸ் ஏறினால், தேயிலை மலைகளுக்குள் வளைந்து வளைந்து ஏறிப் போய்ச் சேரும் ஊர். நடுவில் ஏழாயிரத்து எண்ணூறு சொச்சம் கிலோமீட்டர். விமானத்தில் ஒன்பது மணி நேரம் சொச்சம்.

எந்த விமானத்தில்? அதைத்தான் அந்தப் பக்கம் சொல்வதில்லை. போட்ஸ்ஃபியோரில் இறங்குவது முப்பது, நாற்பது பேர் உட்காரும் விசிறி விமானம். காற்று கொஞ்சம் முறைத்தால் அதுவும் வராது. பன்வில தேயிலைச் சரிவில் எந்த விமானமும் இறங்கியதை நான் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தக் கோடு காக்கைக்குக்கூட உதவாது. ஆனால் அந்தக் கோட்டை நம்பி, போன வருடம் இதே மாசி மாதம், என் அம்மா உடைந்த இடுப்போடு நான்கு நாள் கட்டிலில் கிடந்தாள். அதைத்தான் எழுத வந்தேன்.

2

திங்கட்கிழமை மதியம். நான் வேலை செய்வது இங்குள்ள முதியோர் இல்லத்தில். சாப்பாட்டு நேரம். கை நடுங்கும் ஒரு கிழவருக்கு நான் சூப் ஊட்டிக்கொண்டிருந்தபோது பையில் கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன். பன்வில டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் அவர் எனக்கு அழைத்ததே இல்லை.

"தங்கச்சி, பயப்படாத. அம்மா விழுந்துருச்சு."

"எங்க விழுந்துச்சு?"

"பீலிக்கிட்ட. காலைல தண்ணி புடிக்கப் போயி, பாசில வழுக்கிருச்சு. இடுப்பு எலும்பு ஒடஞ்சிருக்காம். கண்டிக்குக் கொண்டாந்துட்டோம். ஆப்பரேசன் பண்ணணுமாம்."

"எப்ப?"

"அதுதாம்மா பிரச்சின. அம்மா மாட்டேங்குது. நீ வந்தாத்தான் உள்ள போவேன்னு சொல்லுது. டாக்டர் நாளைக்கே பண்ணணும்னு சொன்னாரு. நாந்தான் பேசி புதன்கிழம காலைக்கு மாத்திருக்கேன். நீ நாளைக்கு வந்துருவேன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சூப்புக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணே, யாரக் கேட்டு அப்பிடிச் சொன்னீங்க? நாளைக்கு எப்பிடி வர முடியும்?"

"ஒம்பது மணி நேரம்தானம்மா. திவ்யா போன்ல பாத்துட்டா."

திவ்யா அண்ணனின் மகள். குண்டசாலையில் அறை எடுத்துத் தங்கி, கண்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. கணினி, ஆங்கிலம் எல்லாம் தெரியும். அவள் போனை வாங்கினாள்.

"அத்த, நான் ரெண்டு தடவ பாத்தேன். ஒம்பது மணி பத்து நிமிசம்னு காட்டுது. நீங்க இன்னைக்கு சாயந்தரம் ஏறுனாக்கூட நாளைக்கு வந்துரலாம்ல?"

"திவ்யா, அது நேரா ஒரு கோடு போட்டுக் கணக்குப் பாக்குதும்மா. அப்பிடி ஒரு பிளேனே கிடையாது. நான் மொதல்ல சின்ன பிளேன்ல கிர்க்கெனெஸ் போகணும். அங்கருந்து ஒஸ்லோ. அங்கருந்து அரபு நாடு. அங்கருந்து கட்டுநாயக்க ஏர்போட்டு. எல்லாம் சரியா அமைஞ்சாலே புதன்கிழம ராத்திரி ஆயிரும்."

"ஆனா அத்த, போன்ல போட்டுருக்கே" என்றாள்.

அந்தப் 'போட்டுருக்கே'வை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தப் பாதையில் போய் வந்துகொண்டிருப்பவள் நான். என் வார்த்தையைவிட, நான் இருக்கும் ஊரின் பெயரைக்கூட ஒழுங்காக எழுதாத ஒரு பக்கத்தின் வார்த்தைக்கு அங்கே மதிப்பு. அண்ணன் மறுபடி போனை வாங்கி, "வரணும்னு நெனச்சா வரலாம், தங்கச்சி" என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

3

லீவு கேட்கப் போனேன். மேற்பார்வை செய்யும் பெண் நல்லவள். ஆனால் பதற்றத்தில் எனக்கு நாக்குப் புரண்டுவிட்டது. இங்கே இடுப்புக்கு 'ஹொஃப்தெ' என்பார்கள். இருமலுக்கு 'ஹொஸ்தெ'. நான் கண்ணீரோடு நின்று, என் அம்மாவின் இருமல் உடைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவள் என் தோளைப் பிடித்துக் கதிரையில் உட்காரவைத்து, "தேன் கலந்த வெந்நீர் கொடுத்தார்களா?" என்று கேட்டாள். பத்தொன்பது வருடம்! நான் என் இடுப்பில் கையை வைத்துக் குச்சியை முறிப்பதுபோல் காட்டிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

லீவு தந்தாள். அதற்கு ஒரு படிவம். படிவத்தில், உறவினர் மரணத் தறுவாயில் இருக்கிறாரா, ஆம், இல்லை என்று ஒரு கேள்வி. ஆம் என்று போட எனக்குக் கை வரவில்லை. இல்லை என்று போட்டால், பிறகு ஏன் அவசரம் என்று அடுத்த கேள்வி. அந்த இடத்தில் இரண்டே வரிதான் எழுத முடியும். என் அம்மா நான் வராமல் கட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள் என்பதை இரண்டு வரி நோர்வேஜிய மொழியில் எப்படி எழுதுவது? 'தாய் பிடிவாதம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் அடுத்த படிவம். என்னிடம் இருப்பது நோர்வேக் கடவுச்சீட்டு. ஆகவே பிறந்த நாட்டுக்குப் போக விசா எடுக்க வேண்டும். வருகையின் நோக்கம்: சுற்றுலாவா, வியாபாரமா? தங்கும் இடத்தின் வீதி இலக்கம் என்ன? அம்மாவும் இருக்கும் அண்ணனின் வீடு, தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு மேலே, தண்ணீர் பிடிக்கும் பீலியைத் தாண்டி, பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடிதம் கொண்டுவருகிறவர் ஒருநாளும் இலக்கம் கேட்டதில்லை. இந்தப் படிவம் கேட்டது. ஒன்று என்று போட்டேன். அந்தப் பாறைப் பக்கம் இருப்பது ஒரே வீடுதான்.

என் கணவர் யோகன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் படிப்பித்துக்கொண்டிருந்த அவரது அக்கா பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது. மீன் தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறார். அன்று மாலை அவர்தான் டிக்கெட்டுகளைத் தேடி எடுத்தார். நான் சமையலறைக்கும் அலுமாரிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"நீர் உடுப்பை அடுக்கும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

"காத்து அடிக்கும்போல இருக்கு."

"ஓம், எனக்கும் தெரியுது. அதையும் நான்தான் நிப்பாட்டோணுமோ?"

4

செவ்வாய்க்கிழமை விமானம் வரவில்லை. விமான நிலையம் என்று சொல்லும் அந்த ஒற்றைக் கூடத்தில் நாங்கள் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதை எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத வெள்ளை. பத்து மணி விமானம் இல்லை என்றார்கள். பிறகு இரண்டு மணி விமானமும் இல்லை. ஊரைவிட்டு வெளியேற இருக்கும் ஒரே மலைப்பாதையையும் பனியால் பூட்டிவிட்டார்கள். இங்கே வீதிக்குக் கதவு உண்டு. கடை பூட்டுவதுபோல் வீதியைப் பூட்டுவார்கள்.

அண்ணன் அன்று ஐந்து தடவை அழைத்தார்.

"ஏறிட்டியா?"

"இல்லண்ணே. பனி."

"பனி நம்ம ஊர்லயும்தான் பெய்யுது. பஸ் ஓடாமயா இருக்கு?"

மார்கழியில் நக்கிள்ஸ் மலைப்பக்கம் இறங்கும் மூடுபனிதான் அவருக்குத் தெரிந்த பனி. இங்கே விழுவது வேறு. அதற்கும் இதற்கும் தமிழில் ஒரே சொல். வெளியே போய்ப் படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் வெறும் வெள்ளை. 'படம் வரவில்லை, திரும்ப அனுப்பவும்' என்று திவ்யா பதில் எழுதினாள்.

புதன்கிழமை காலை அம்மாவை ஆப்பரேசனுக்குத் தயார் செய்திருக்கிறார்கள். தள்ளிக்கொண்டு போகக் கட்டில் வந்திருக்கிறது. அம்மா பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம்மக வராம நான் எங்கயும் வரமாட்டேன்" என்று கத்தியிருக்கிறாள். நாற்பது வருடம் கொழுந்து கிள்ளிய கை. அந்தப் பிடியை விடுவிக்க இரண்டு பேருக்கு முடியவில்லையாம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு அண்ணனைத் தனியே கூப்பிட்டிருக்கிறார். இந்த வயதில் இப்படியே படுத்துக் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், இரத்தம் உறையும், ஒவ்வொரு நாளும் ஆபத்து என்று சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு இடம் தருகிறேன், அதையும் விட்டால் பிறகு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்றிருக்கிறார்.

இதையெல்லாம் திவ்யா அழுதுகொண்டே சொன்னாள். "அத்த, நான் அந்த ஒம்பது மணி நேரத்த பாத்திருக்கவே கூடாது. அப்பத்தாக்கிட்ட அதக் காட்டுனதே நாந்தான். அதுலருந்து அது சுவத்துல இருக்க கடிகாரத்தயே பாத்துக்கிட்டு இருக்கு."

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. கோபிக்க வேறு ஆளும் இல்லை. காற்றைக் கோபித்தேன், யோகனைக் கோபித்தேன். அம்மாவைத்தான் அதிகமாகக் கோபித்தேன்.

மதியம் மலைப்பாதையைத் திறந்தார்கள். சும்மா திறப்பதில்லை. முன்னால் பனி தள்ளும் லொறி, அதன் பின்னால் வரிசையாக வாகனங்கள், முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. யோகன் ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு ஓட்டினார். ஓரிடத்தில் வரிசை நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. நான் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"எங்க போறீர்?"

"தெரியல."

"ஏறி இரும்" என்றார். பிறகு ஏதோ யோசித்தவராக, "ராஜி, நாங்கள் இந்த ஊருக்கு வந்திருக்கக் கூடாது, என்ன?" என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அது வந்தது அன்றுதான். நான் ஏறி உட்கார்ந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்போம், வண்டி ஓட்ட ஆள் இருந்திருக்காது.

கிர்க்கெனெஸ் போய்ச் சேர்ந்தபோது அன்றைய ஒஸ்லோ விமானம் போயிருந்தது.

5

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஒஸ்லோ விமான நிலையத்தில், ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த விமானம் பிற்பகலில். கண்டியில் அப்போது மதியம் ஒன்றரை. இரண்டு மணிக்கு ஆப்பரேசன். அண்ணனை அழைத்தேன்.

"என்னண்ணே, சம்மதிச்சிருச்சா?"

"எங்க? அதே பாட்டுதான். நர்ஸ் மிஸ்மார் எல்லாம் பேசிப் பாத்துட்டாங்க. பக்கத்துக் கட்டில்ல இருக்க முஸ்லிம் அம்மா ஒண்ணு, அதுவும் கெஞ்சிப் பாத்துருச்சு. கண்ண மூடிக்கிட்டுப் படுத்துருக்கு. காய்ச்சல் வேற வந்துருக்கு தங்கச்சி. நீ எங்க இருக்க?"

ஒஸ்லோ என்று சொல்ல வாய் திறந்தேன். அது அவருக்கு வெறும் ஒரு சத்தம். போட்ஸ்ஃபியோரும் ஒஸ்லோவும் அங்கிருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டுமே 'இங்கே இல்லை' என்று பெயர் கொண்ட ஊர்கள்.

"போன அம்மாக்கிட்ட குடுங்க" என்றேன்.

"யாரு?" என்றாள் அம்மா. குரல் வற்றிப்போயிருந்தது.

"அம்மா, நாந்தான். கட்டுநாயக்க வந்துட்டேன்."

அவள் எதுவும் கேட்கும் முன் தொடர்ந்தேன்.

"இப்பத்தான் எறங்குனேன்மா. பெட்டிக்காக நிக்கிறேன். வேன் புடிச்சுக் கண்டிக்கு வர சாயந்தரம் ஆயிரும். டாக்டர் அது வரைக்கும் நிக்க மாட்டாராம். நீங்க உள்ள போயிட்டு வாங்க. வெளிய வர்றப்ப நான் அங்க நிப்பேன்."

என் பக்கத்தில் ஒரு குடும்பம் பனிச்சறுக்குக் கட்டைகளோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறந்ததிலிருந்து என் அம்மாவிடம் நான் சொன்ன பொய்களில் இவ்வளவு பெரியது வேறு இல்லை. உள்ளே போனவள் திரும்பி வராவிட்டால், அவள் என் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை பொய்யாக இருக்கும். அது தெரிந்தேதான் சொன்னேன்.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் அம்மா.

"சாப்ட்டேன்மா."

"சரி. அப்ப நான் போறேன்" என்று போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்.

அண்ணன் வராந்தாவுக்கு வந்து கிசுகிசுப்பாகக் கேட்டார். "நெசமாவே கட்டுநாயக்கேலயா இருக்க?"

"இல்லண்ணே. நாளைக்கு மத்தியானம் பிந்தித்தான் வருவேன்."

"அடிப்பாவி" என்றார். அதன் பிறகு, "நாளைக்கு வரைக்கும் நான் அதுக்கிட்ட என்னத்தச் சொல்றது?" என்றார்.

6

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. அதை நான் தெரிந்துகொண்டது விமானத்தில் ஏறும் வரிசையில் நின்றபோது. திவ்யா குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் முதுகில் முகத்தைப் புதைத்து அழ வேண்டும்போல் இருந்தது. அவர் யாரென்றே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை நிஜமாகவே கட்டுநாயக்கவில் இறங்கினேன். வெளிநாட்டவர் வரிசையில் நிற்கவைத்தார்கள். என் முறை வந்ததும் அதிகாரி புன்னகையோடு, இலங்கைக்கு வருவது இதுதான் முதல் தடவையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான் பன்வில" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் மறுபடி என் கடவுச்சீட்டைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.

வேனில் நான்கரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்கும் நேரம் தொடங்கி வாசலில் கூட்டம் நெருக்கியது. அண்ணன் என்னைக் கண்டதும் பெட்டியை வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"கடுகண்ணாவையில மண்ணு சரிஞ்சு ரோடு பிளாக்காயிருச்சு, வேன் நிக்குதுன்னு சொன்னேன்."

"நம்புச்சா?"

"மழையே இல்லாம எப்பிடிடா மண்ணு சரியும்னு கேட்டுச்சு."

அம்மா தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள். சுருங்கிப்போயிருந்தாள். போன தடவை நான் பார்த்த அம்மாவை இவளுக்குள் தேட வேண்டியிருந்தது. நான் கட்டிலருகே போய் அவள் காலைத் தொட்டேன். நல்ல காலைத்தான் தொட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்ட" என்றாள். அவ்வளவுதான். கட்டுநாயக்கவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாதான் என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா மகள்? ஒங்கட உம்மா நேத்து ஒருத்தரோடயும் பேசல்ல" என்றார்.

திங்கள் மதியம் சூப்புக் கிண்ணத்தோடு நின்றதிலிருந்து அந்தக் கட்டிலருகே நின்றது வரை தொண்ணூற்றைந்து மணி நேரம். ஒன்பது அல்ல. இதை யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. கேட்க ஆளில்லை. அதனால்தான் ஒரு வருடம் கழித்து அந்தக் கத்தல் அபியின் தலையில் விழுந்தது.

7

மூன்று வாரம் நின்றேன். அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் பாறை வரை நடந்தாள். நான் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, பின்னேரம், பாறைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு அவளுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே மலையில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். அண்ணன் சவாரி போயிருந்தார். என்னால் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"அம்மா, அன்னைக்கு நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். கட்டுநாயக்கேல இல்ல நான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்? அண்ணன் சொல்லிச்சா?"

"அவன் என்னத்தச் சொன்னான். நீ பேசுறப்பவே தெரியும். ஒனக்குப் பின்னால ஒரு பொம்பள மைக்குல பேசிக்கிட்டு இருந்தா. சிங்களம் இல்ல, தமிழ் இல்ல, இங்கிலீசும் இல்ல. நாம போன்ல பேசுறப்ப அபி நடுவுல ஒங்கிட்ட பேசுவாளே, இழுத்து இழுத்துப் பாடுற மாதிரி, அந்தப் பாஷ."

என் கை நின்றுவிட்டது.

"தெரிஞ்சுமா உள்ள போனீங்க?"

"பெறகு? நீ வந்துட்டேன்னு நெனச்சா நான் போனேன்? வந்திருந்தா ஒன்னப் பாக்காம உள்ள போவேனா? சாயந்தரம் வரைக்கும் கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கெடந்துருப்பேன்." அம்மா சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். "எம்மக என்கிட்ட பொய் சொல்றான்னா அவளால வர முடியலன்னு அர்த்தம். அது வெளங்கிருச்சு. வெளங்குனதும் போயிட்டேன்."

நான் எண்ணெய்ப் போத்தலை மூடினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி திருகினேன்.

"திவ்யா காட்டுன கணக்கு தப்பும்மா" என்றேன். "ஒம்பது மணி நேரம் இல்ல. அந்தக் கணக்காலதான் எல்லாம்."

"அவ இப்பத்தான காட்டுனா. எனக்கு மொதல்ல சொன்னது யாரு? கல்யாணம் கட்டிப் போறப்ப நான் அழுதேன்ல. அப்ப நீதான சொன்ன, 'பக்கந்தாம்மா, ஏறுனா ஒரு தூக்கம், எறங்குனா வீடு'ன்னு. வர்றப்பல்லாம் அதயேதான் சொன்ன. பத்து நாள் நின்னுட்டுப் போறப்ப, ஒரு கூப்பாடு போடுங்க, ஓடி வந்துருவேன்னு சொன்ன. நான் கூப்பாடு போட்டேன்."

அவள் சொன்னது உண்மை. சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், வேனில் ஏறும் முன், அவள் அழுகையை நிறுத்துவதற்காக. பத்தொன்பது வருடமாக அந்தத் தூரத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது நான்தான்.

"சரி. இப்ப உள்ளதச் சொல்லு" என்றாள் அம்மா. "இங்கருந்து கெளம்புனா எப்பிடிப் போவ?"

சொன்னேன். அண்ணனின் த்ரீவீலில் இறங்குவதிலிருந்து தொடங்கினேன். கண்டி, கட்டுநாயக்க, அரபு நாட்டில் ஆறு மணி நேரம் காத்திருப்பது, ஒஸ்லோ, கிர்க்கெனெஸ், விசிறி விமானம், அது வராத நாட்கள், பூட்டப்படும் வீதி, பனி தள்ளும் லொறி. வருடத்தில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாது என்பதையும் சொன்னேன். அதை இதுவரை அவளிடம் சொன்னதில்லை. எல்லாம் சொல்லி முடித்தபோது மலையில் ஆளே இல்லை.

"அம்புட்டுத் தூரமா?" என்றாள்.

"ஆமாம்மா."

"அங்க போயி இத்தன வருசமா இருந்திருக்கியே."

எழுந்திருக்கக் கை நீட்டினாள். பிடித்துத் தூக்கினேன். ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கி, என்னைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

"இனி ஏதாவதுன்னா நான் ஒனக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்க மாட்டேன். நீயும் ஓடி வராத. பனி விட்ட பெறகு, அந்தப் புள்ளயயும் கூட்டிக்கிட்டு, நிதானமா வா."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகவாவது சொல்லியிருக்கலாம்.